பக்கத்து வீட்டு இருமல்

ஏஞ்சலின் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் அவள் வாய்தான் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவள் பேசினால் எளாவூரில் இறங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் அந்தோணியார் நகரில் வம்பு பேசாதவர் யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து. ஆனால் வம்பு பேசுவதற்குக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு சம்பளமும் வாங்கிய ஒரே ஆள் அவள்தான்.

பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம். பிளஸ் டூவில் கணக்கில் பெயில். அதை அவள் மறைத்ததே இல்லை. இறால் உரிக்கும் கொட்டகை, பிஸ்கட் பேக்கிங், துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுவது என்று எங்கெங்கோ போனாள். எங்கேயும் ஆறு மாதம் தாண்டவில்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் இவள் ஒன்பது வார்த்தை சொல்வாள், பத்தாவது வார்த்தைக்குள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். கணவர் பீட்டர் லாரி ஓட்டுகிறவர். விஜயவாடா பக்கம் சுற்றிவிட்டு, தனக்கு ஒரு வீடு இருப்பது ஞாபகம் வந்தால் வருவார். இந்த நிலையில்தான் போலியோ சொட்டு மருந்து கொடுக்க ஆள் தேவை என்று யாரோ கூப்பிட்டார்கள். அதிலிருந்து காய்ச்சல் கணக்கெடுப்பு, கழிப்பறைக் கணக்கெடுப்பு என்று பதினோரு வருடமாக ஏதாவது ஒரு படிவத்தோடு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தாள். வாயால் கெட்ட வேலைகளுக்கு நடுவில், வாயால் நிலைத்த வேலை இது ஒன்றுதான். நாற்பத்தாறு வயதுக்குள் எங்கள் நகரில் அவள் நுழையாத வீடு இல்லை.

போன வருடம் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. தூசியால் மக்களுக்கு மூச்சுக்கோளாறு எவ்வளவு என்று மூன்று இடங்களில் கணக்கெடுக்க வேண்டுமாம். அனல் மின் நிலையத்துக்காக வள்ளூர். இரும்பு ஆலைகளுக்காக எங்கள் நகர். தூசியில்லாத ஊர் ஒன்றும் வேண்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க, அதற்குக் கடம்பத்தூர். பி.காம். படித்த குற்றத்துக்காக என்னை எங்கள் நகருக்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள். எனக்குக் கீழே பிரின்சி என்ற சின்னப் பெண்ணும் ஏஞ்சலின் அக்காவும்.

படிவத்தில் நாற்பத்தோரு கேள்விகள். மற்ற நாற்பதையும் விடுங்கள். பதினேழாவது கேள்விதான் விஷயம்: 'வீட்டில் யாருக்காவது ஒரு மாதத்துக்கு மேலாக இருமல் உள்ளதா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

இருநூற்று நாற்பது வீடுகளில் நூற்று எண்பத்தெட்டில் ஆள் இருந்தது. அவற்றை பிரின்சி முடித்தாள். மீதி ஐம்பத்திரண்டும் எப்போது போனாலும் பூட்டு. புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட். மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் அக்கம் பக்கத்தில் விசாரித்து நிரப்பலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதை எழுதின புண்ணியவான் ஏஞ்சலின் அக்காவைப் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வீட்டையும் அவளிடம் கொடுத்தேன். கரும்பு தின்னக் கூலியா என்று வாங்கிக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நகரில் யாருக்கும் இருமல் கிடையாது. கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். ஆலைகளில் முக்கால்வாசிப் பேர் காண்ட்ராக்ட் ஆட்கள். வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த பிறகுதான் கேட் பாஸைப் புதுப்பிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் அண்ணன் அந்த டாக்டர் முன்னாலேயே நாலு முறை இருமித் தொலைத்தார். "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறார், பைபாஸில் நுங்கு விற்றுக்கொண்டு. அன்றையிலிருந்து எங்கள் ஆண்கள் இருமலைத் தொண்டையிலேயே மடக்கி விழுங்கப் பழகிவிட்டார்கள்.

என் வீடும் அதே நகரில் நாலாவது தெருவில்தான் இருக்கிறது. என் கணவர் ஸ்டீவன் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். பிரின்சி படிவத்தோடு என் வீட்டுக்கு வந்த அன்று, பதினாறாவது கேள்வியிலேயே அவர் பாத்ரூமுக்குள் ஓடிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. "இல்லைன்னு போட்டுக்கோம்மா" என்றேன். பெயர் வெளியே போகாது, கம்பெனிக்குத் தெரியாது என்று வீடு வீடாகச் சத்தியம் செய்தவள் நான். என் சத்தியத்தை நானே நம்பவில்லை என்பது அன்று தெரிந்தது.

ஏஞ்சலின் அக்கா சத்தியமெல்லாம் செய்வதில்லை. அவள் பிழைப்பே வேறு.

"தன் ஊட்டு இருமல எவனும் சொல்ல மாட்டான்டி சுகி," என்பாள். "பக்கத்து ஊட்டு இருமல கேட்டுப் பாரு. எத்தினி மணிக்கு ஆரம்பிச்சான், எத்தினி மணிக்கு நிறுத்தினான், எல்லாம் சொல்லுவான். தூக்கம் கெட்டவன் அவன்தானே?"

எங்கள் வீடுகள் அப்படி. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், மேலே சிமெண்ட் ஷீட். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். அக்கா பூட்டிய வீட்டுக்கு இடது பக்கம், வலது பக்கம், பின்பக்கம் என்று மூன்று வீட்டில் உட்காருவாள். மூன்றில் இரண்டு பேர் 'ஆமாம்' என்றால்தான் எழுதுவாள். அதிலும் கழிவு உண்டு. தண்ணீர் குழாய்ச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் சொன்னால் பாதிதான் எடுத்துக்கொள்வாள். சொந்தக்காரர்கள் மூடி மறைப்பார்கள் என்பதால் அவர்கள் சொல்லும் 'இல்லை' அவளிடம் கால் பங்குகூடப் பெறாது. யாருக்கு யாரோடு சண்டை, எப்போதிலிருந்து, எதற்காக என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. கணக்கில் பெயிலான பெண்பிள்ளை போட்ட கணக்கு இது.

படிவங்கள் சென்னைக்குப் போயின. மூன்றாவது வாரம் கோபால் சார் வந்து இறங்கினார். ஆய்வு நிறுவனத்தில் தகவல்களைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. முப்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. லேப்டாப்பில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற சாதி, அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடை மாடியில் நாங்கள் எடுத்திருந்த அறைக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"பிரின்சி பாத்த நூத்தி எண்பத்தெட்டு வீட்ல பதினாறு வீட்லதான் இருமல் இருக்கு. நீங்க நிரப்பின அம்பத்திரண்டு பூட்டின வீட்ல மட்டும் இருபத்தேழு. அது எப்படிம்மா? இருமல் வந்தா வீட்டைப் பூட்டிடுவாங்களா?"

"நான் இன்னா சார் பண்றது? அக்கம் பக்கத்துல சொன்னாங்கோ, எழுதினேன்."

"உண்மையிலேயே போய்க் கேட்டீங்களா?"

அக்காவின் மூக்கு விடைத்தது. "இல்ல சார், ஊட்ல குந்திக்கினு கனவு கண்டேன்," என்றாள்.

கோபால் சார் ஒரு சோதனை வைத்தார். பூட்டிய வீட்டில் உண்மை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உண்மை தெரிந்த வீடுகளில் வைத்துப் பார்ப்போம் என்றார். பிரின்சி பதில் வாங்கிய வீடுகளில் அறுபதைப் பொறுக்கி, பதினேழாவது கேள்வியின் பதிலை மூடிவிடுவார். அறுபதையும் பூட்டிய வீடாக நினைத்து அக்கா தன் வழியில் நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டரும் தன் வழியில் நிரப்பும். பிறகு மூடியதைத் திறந்து யார் எவ்வளவு சரி என்று பார்த்துவிடலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பேஜாரே.

அக்கா மூன்று நாள் நடந்தாள். நாலாவது நாள் மூன்று பேரும் அதே மாடி அறையில் உட்கார்ந்தோம். கோபால் சார் லேப்டாப்பைப் பார்த்து வீட்டு எண்ணையும் உண்மைப் பதிலையும் வாசிக்க, நான் அக்காவின் தாளைப் பார்த்து டிக் அல்லது பெருக்கல் குறி போட வேண்டும். வீடு மூன்று, இல்லை. அக்கா தாளில் ஆம். பெருக்கல். வீடு எட்டு, இல்லை. அக்கா இல்லை. டிக். வீடு பதினொன்று, இல்லை. அக்கா ஆம். பெருக்கல்.

"வீடு இருபத்தேழு, நாலாவது தெரு," என்றார். "இல்லை."

அக்காவின் தாளில் 'ஆம்' என்று இருந்தது.

அது என் வீடு. எனக்கு முதலில் வந்தது கோபம். பொல்லாத கோபம். இவள் என் வீட்டுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் உட்கார்ந்து, என் புருஷன் இருமுவதை டீயோடு கேட்டிருக்கிறாள். வலது பக்கம் ரமீஸா வீடு. தினமும் என்னோடு சிரித்துப் பேசுகிறவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேனாவை அழுத்திப் பெருக்கல் போட்டேன். தாள் கிழிந்துவிட்டது. நிமிர்ந்தால் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் அது யார் வீடு என்று. அந்த வாய் அப்போது திறக்கவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டருக்கு அறுபதுக்கு ஐம்பத்தைந்து. அக்காவுக்கு முப்பத்துநாலு. கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடித்தது என்று நான் கேட்டேன். வயது, தொழில், வீட்டு அளவு, அடுப்பு வகை எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து, அறுபது வீட்டுக்கும் 'இல்லை' என்று போட்டதாம். பிரின்சியிடம் ஐம்பத்தைந்து பேர் இல்லை என்று சொன்னதால் ஐம்பத்தைந்து மார்க். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்ல அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு, எங்கள் ரேஷன் கடைக்காரர் போதாதா?

கோபால் சார் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். 'ஐம்பத்திரண்டு படிவங்களையும் விசாரிக்காமல் நானே எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' கீழே ஏஞ்சலின் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே சூப்பர்வைசர் என்று என் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதில் கையெழுத்து விழுந்தால், பொய்க் கணக்கு எழுதியவள் என்று பெயர் ஆகிவிடும். திருவள்ளூர் மாவட்டத்தில் சொட்டு மருந்துக்குக்கூட அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"இருபத்தாறு தப்பு," என்றார் அவர். "இதுக்கு என்னம்மா சொல்றீங்க?"

"அதுல இருபத்தஞ்சு சரிதான் சார்," என்றாள் அக்கா.

"அப்ப ஒண்ணு தப்புன்னு ஒத்துக்கறீங்க?"

"ஆமா சார். அஞ்சம்மா ஊடு. ரெண்டு பக்கமும் ராவெல்லாம் இருமல் சத்தம்னாங்கோ, ஆம்னு போட்டேன். நேத்து அந்தப் பக்கம் போனப்ப பாத்தா, இருமிக்கினு இருக்கறது அவங்க ஆடு."

கோபால் சாருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "மத்த இருபத்தஞ்சும் சரின்னா, அந்த இருபத்தஞ்சு வீட்டுக்காரங்களும் பொய் சொல்றாங்களா? அவங்க வீட்ல இருமல் இருக்கா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்க, பார்ப்போம்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்த ஒருத்தி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். "அது முடியாது சார்," என்றாள். "அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு." பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

ஸ்டீவனுக்கு அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரு முழுக்கத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு கோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது. பதினோரு வருடம் ஒருத்தி வெயிலில் சுற்றிச் சேர்த்த பெயரை, பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டு நாங்கள் சொன்ன ஒரு பொய் காலி பண்ணப் போகிறது.

"சார், இருபத்தேழாம் நம்பர் என் வீடு," என்றேன். "பிரின்சிகிட்ட இல்லைன்னு சொன்னது நான்தான். பொய்."

கோபால் சார் என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு, இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், முப்பத்துநாலை அழித்துவிட்டு முப்பத்தைந்து என்று போட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "மார்க்க மாத்தாதீங்க சார்! விடைத்தாளே தப்புன்னு சொல்றேன், நீங்க ஒரு மார்க் கூட்டிப் போடறீங்க? நான் சூப்பர்வைசர். பேர் வெளிய போகாதுன்னு எனக்குத் தெரியும். நானே பொய் சொன்னேன்னா, ஒண்ணும் தெரியாத ஜனங்க என்ன சொல்லியிருப்பாங்க? கடம்பத்தூர்ல எத்தனை வீட்ல இருமல்னு வந்திருக்கு, அதைப் பாருங்க முதல்ல."

அவர் பார்த்தார். கடம்பத்தூரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருமல். எங்கள் நகரில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று. கடம்பத்தூர்க்காரர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. டானிக் இலவசமாகக் கிடைக்குமோ என்று போன மழைக்கு வந்த சளியைக்கூடச் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். இரும்புத்தூள் நடுவில் இருக்கிற நாங்கள் நெல் வயல்காரர்களைவிட மூன்று மடங்கு ஆரோக்கியம் என்று அவர் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தது. இதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்தபோது 'சுவாரசியமான முடிவு' என்று ஓரத்தில் எழுதியிருந்தாராம், பாவம்.

கோபால் சார் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வீட்டுக்காரர் தானே சொன்னது ஒரு பத்தியிலும் பக்கத்து வீடு சொன்னது ஒரு பத்தியிலுமாக, இரண்டையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். "வள்ளூர்லயும் பூட்டின வீடு இருக்கு. அடுத்த வாரம் ஏஞ்சலின் மேடம் அங்க போகணும்," என்றார். பிழைப்பு போகப் போகிறது என்று அரை மணி நேரம் முன்னால் பேனாவுக்குக் கை நீட்டியவள், மேடம் ஆகிவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னை முறைத்தாள்.

"ஏன்டி சொன்ன? எனுக்கு இத்த உட்டா வேற ஒண்ணு கெடைக்கும். ஸ்டீவனுக்கு இன்னா பண்ணுவ?"

"உனக்கு வேற ஒண்ணும் கெடைக்காதுக்கா, உன் வாய்க்கு," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க முடியவில்லை.

கோபால் சார் பார்க்காத மாதிரி லேப்டாப்பில் என் வீட்டுப் படிவத்தைத் திறந்தார். பதினேழில் 'இல்லை'யை எடுத்துவிட்டு 'ஆம்' போட்டார். ஆம் என்று போட்டதும் அடுத்த கேள்வி தானாக விரிந்தது. அந்தக் கேள்வியை எத்தனையோ முறை படிவத்தில் பார்த்திருக்கிறேன், என்னை யாரும் கேட்டதில்லை.

"எத்தனை மாசமா இருமல்?"

"பதினாலு மாசம்," என்றேன். நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் உயிர்த்த ஞாயிறு பூசையில்தான் முதல் முறையாக அவர் இருமிக் கேட்டேன்.

அவர் ஒன்று, நாலு என்று தட்டினார்.

"பத்தொம்பது," என்றாள் ஏஞ்சலின் அக்கா. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. "மொதல் அஞ்சு மாசம் உனுக்குத் தெரியக் கூடாதுன்னு ரமீஸா ஊட்டுப் பின்னாலதான்டி வந்து இருமிக்கினு இருந்தான். அவதான் சொம்புல தண்ணி குடுத்துக்கினு இருந்தா."

கோபால் சார் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்தொன்பதுன்னே போட்டுக்கோங்க சார்," என்றேன்.